ஒரே கோட்டில் சார்ஜுகள்: சமநிலைப் புள்ளிக்கு ஏன் இரண்டு விடை வருகிறது?

குழித்துறை பிளஸ்டூ

வணக்கம். நிலைமின்னியல் பாடத்தில் ஒரு கணக்கு. ஒரு நேர்கோட்டில் +4 அலகு சார்ஜ் ஒன்று, அதற்கு வலப்பக்கம் 30 செ.மீ. தள்ளி −1 அலகு சார்ஜ் ஒன்று. இரண்டையும் அசையாதபடி பொருத்தியிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு சின்ன சார்ஜை இதே கோட்டில் எங்கே வைத்தால் அதன் மேல் மொத்த விசை பூஜ்ஜியம் ஆகும்?

விசை தூரத்தின் வர்க்கத்தால் வகுபடும் (கூலூம் விதி) என்பதால் +4-இலிருந்து தூரத்தை 'த' என்று வைத்து 4/த² = 1/(த−30)² என்று எழுதினேன். விரித்தால் த² − 80த + 1200 = 0. விடை 20, 60 என்று இரண்டு வருகிறது. புத்தகத்தின் பின்பக்கம் 60 மட்டும்தான் போட்டிருக்கிறது, 20-ஐ ஏன் தள்ளினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. 20-ஐச் சமன்பாட்டில் போட்டால் இந்தப் பக்கம் 4/400, அந்தப் பக்கம் 1/100, சரியாகத்தானே இருக்கிறது? டியூஷனில் கேட்டால் "ஒரே குறி என்றால் உள்ளே, வேறு குறி என்றால் வெளியே, மனப்பாடம் பண்ணிக்கோ" என்கிறார்கள். மனப்பாடம் பண்ணிவிடலாம், ஆனால் மூன்று சார்ஜ் பொருத்தி வைத்த கணக்கு வந்தால் அப்போது என்ன செய்வது?

தக்கலை வாத்தியார்

நல்ல கேள்வி மக்களே. வகுப்பில் இதைக் கேட்கிற பிள்ளைகள் குறைவு.

நீ எழுதின சமன்பாட்டைப் பார். அதில் விசையின் அளவு மட்டும்தான் இருக்கிறது, திசை இல்லை. வர்க்கம் போட்டவுடனே கூட்டல் கழித்தல் குறியெல்லாம் போய்விட்டது. "எந்த இடத்தில் இரண்டு விசையும் ஒரே அளவு?" என்று நீ கேட்டாய், கணிதம் இரண்டு இடத்தைக் காட்டியது. அந்த இரண்டில் எங்கே அவை எதிரெதிராக இருக்கின்றன என்பதை நீதான் பார்க்க வேண்டும்.

20-இல் ஒரு பாசிட்டிவ் சார்ஜை வைத்துப் பார். +4 அதை வலப்பக்கம் தள்ளும். −1 அதை வலப்பக்கமே இழுக்கும். இரண்டும் ஒரே பக்கம், அளவும் ஒன்று. ஆகவே அங்கே மொத்த விசை பூஜ்ஜியம் இல்லை, ஒன்றின் இரண்டு மடங்கு. 60-இல் +4 வலப்பக்கம் தள்ளும், −1 இடப்பக்கம் இழுக்கும். இது சமநிலை.

அந்த 20 சும்மா வந்த எண் என்று நினைக்காதே. வலப்பக்க சார்ஜ் −1-க்குப் பதில் +1 என்று இருந்தால் அதற்குச் சரியான விடை 20 தான். இரண்டு கணக்குக்கும் அளவுச் சமன்பாடு ஒன்றே என்பதால் இருபடிச் சமன்பாடு இரண்டுக்குமான விடையைச் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் நான் எப்போதும் பிள்ளைகளிடம் சொல்வது, பேனாவை எடுத்ததும் சமன்பாடு எழுதாதே, முதலில் கோடு போடு. சார்ஜுகள் அந்தக் கோட்டை எத்தனை துண்டாகப் பிரிக்கின்றன என்று பார், ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாசிட்டிவ் சார்ஜை வைத்து அம்புக்குறி போடு. இரண்டு அம்பும் ஒரே பக்கம் இருக்கிற துண்டை அடித்துவிடு. மீதி இருக்கிற துண்டில் எந்த சார்ஜ் கிட்டே, எது பெரியது என்று பார். உன் கணக்கில் +4-க்கு இடப்பக்கம் அம்புகள் எதிரெதிர்தான், ஆனால் அங்கே பெரிய சார்ஜே கிட்டேயும் இருக்கிறது, சின்னது ஒருநாளும் அதை ஈடுகட்ட முடியாது. −1-க்கு வலப்பக்கம்தான் சின்ன சார்ஜ் கிட்டே இருப்பதால் ஈடுகட்ட முடியும். துண்டு தெரிந்த பிறகு விரிக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் வர்க்கமூலம் எடு: 2/த = 1/(த−30), த = 60. ஒரு வரி.

வடசேரி

சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். +1, −1 என்று அளவு சமமான எதிர்க்குறி சார்ஜுகள் கொடுத்தால் கோட்டில் சமநிலைப் புள்ளியே கிடையாது. நடுவில் இரண்டு அம்பும் ஒரே பக்கம். வெளியே எப்போதும் ஒன்று கிட்டே, ஒன்று தூரம், அளவு சமமாகாது. போட்டித் தேர்வில் நான்கு எண்ணைக் கொடுத்துத் தேடவிடுவார்கள். அம்புக்குறி போட்டவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

குழித்துறை பிளஸ்டூ

சார், இப்போது தெளிவாக இருக்கிறது. 60-இல் நெகட்டிவ் சார்ஜை வைத்தால் என்ன ஆகும்? இரண்டு அம்பும் திரும்பிவிடும், அப்போதும் பூஜ்ஜியம்தானே? அப்படியானால் மூன்றாவது சார்ஜ் எது என்று கேள்வியில் சொல்லாமல் விட்டது அதனால்தானா?

தக்கலை வாத்தியார்

அதேதான். அந்த இரண்டும் பொருத்தி வைத்தவை என்கிறவரைக்கும் மூன்றாவதின் குறியும் அளவும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். அந்தப் புள்ளியில் மின்புலமே பூஜ்ஜியம் என்பதுதான் விஷயம், அங்கே எதை வைத்தாலும் விசை இல்லை.

பேச்சிப்பாறை

சார் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் குறி அடிபட்டுப் போவது இடத்தைக் கண்டுபிடிக்கிறவரைக்கும்தான். வைத்த சார்ஜ் அங்கே நிற்குமா என்று கேட்டால் குறி திரும்ப உள்ளே வந்துவிடும். எம்எஸ்சி படிக்கும்போது எனக்கு இந்தப் பாடத்தில் ரொம்பப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எளுப்பமான கணக்கிலிருந்து ஆரம்பிப்போம்: +4, +1, இடையில் 20 செ.மீ.-இல் ஒரு பாசிட்டிவ் சார்ஜ். அதைக் கோட்டின் மேலேயே கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் +1 கிட்டே வந்துவிடும், அது திருப்பித் தள்ளும். இடப்பக்கம் நகர்த்தினால் +4 திருப்பித் தள்ளும். கோட்டுக்குள் இது உறுதிச் சமநிலை. இப்போது அதைக் கோட்டை விட்டு ஒரு மயிரிழை மேலே தூக்கு. இரண்டு சார்ஜும் கீழே இருந்து அதை இன்னும் மேலேதான் தள்ளும். போனது போனதுதான், திரும்பாது.

நம்மூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆரல்வாய்மொழிக் கணவாய் போதும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கணவாய், அதன் வழியாக ரோடும் ரயிலும் போகிறது. கணவாயின் உச்சிப் புள்ளியில் ஒரு உருண்டையை வைத்தால் மலைப் பக்கமாக உருட்டினால் திரும்பி வரும், ரோட்டுப் பக்கமாகத் தட்டிவிட்டால் நாகர்கோவில் பக்கமோ திருநெல்வேலி பக்கமோ ஓடிவிடும். இரண்டு மலையும் இரண்டு பாசிட்டிவ் சார்ஜ், நிலத்தின் உயரம்தான் மின்னழுத்தம். சமநிலைப் புள்ளி என்பது கணவாய், பள்ளம் அல்ல.

நெகட்டிவ் சார்ஜை வைத்தால் எல்லாம் தலைகீழ். கோட்டுக்குள் நிற்காது, எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்த சார்ஜோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டில் தூக்கினால் கோட்டுக்கே திரும்பும்.

உன் +4, −1 கணக்கில் 60-ஐயும் இதே மாதிரி பார். 60-க்கு வலப்பக்கம் போகப் போக +4 தான் ஓங்கி நிற்கும், புலம் வலப்பக்கம். 30-க்கும் 60-க்கும் நடுவில் −1 ஓங்கும், புலம் இடப்பக்கம். ஆகவே பாசிட்டிவ் சார்ஜ் அங்கே கோட்டுவாக்கில் நிற்காது, இரண்டு பக்கமும் ஓடும். நெகட்டிவ் வைத்தால் கோட்டுவாக்கில் நிற்கும், பக்கவாட்டில் ஓடிவிடும்.

எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு திசையில் நின்றால் இன்னொரு திசையில் ஓடும். இதுதான் எர்ன்ஷா தேற்றம். சாமுவேல் எர்ன்ஷா இங்கிலாந்தில் பாதிரியாராகவும் கணித அறிஞராகவும் இருந்தவர், 1842-இல் வெளியானது. அசையாத சார்ஜுகளை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் ஒரு சார்ஜை எல்லாத் திசையிலும் உறுதியாக நிறுத்தவே முடியாது. காரணம் காஸ் விதியிலேயே இருக்கிறது: புலக்கோடுகள் வெட்டவெளியில் முடியாது, சார்ஜில்தான் முடியும். ஒரு பாசிட்டிவ் சார்ஜ் எல்லாப் பக்கமும் திரும்பி வரவேண்டும் என்றால் அந்தப் புள்ளியைச் சுற்றிப் புலக்கோடுகள் எல்லாமே உள்நோக்கி வரவேண்டும், உள்நோக்கி வரும் கோடுகள் முடிய அங்கே ஒரு நெகட்டிவ் சார்ஜ் இருந்தாக வேண்டும். வெட்டவெளியில் அது ஏது?

முட்டம் ஆய்வகம்

பேச்சிப்பாறைத் தம்பி சொன்னதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு, பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது வழக்கம். பழக்கடையில் தரும் மெல்லிய பாலித்தீன் கவர் ஒன்றை எடுத்துக் குறுக்கே இரண்டு விரற்கடை அகலத்தில் வெட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். துணிக்கடைக் கவர் வேண்டாம், கனம் தாங்காது. வளையத்தை மேசையில் பரப்பிக் கம்பளித் துணியால் தேய்க்க வேண்டும், பிவிசி குழாயையும் அதே துணியால் தேய்க்க வேண்டும். வளையத்தை விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளாமல் உதறி மேலே விட்டு, அடியில் குழாயைக் கொண்டுபோனால் வளையம் தானே வட்டமாக விரிந்து காற்றில் நிற்கும்.

அப்போது குழாயைக் கொஞ்சம் அசையாமல் பிடித்துப் பாருங்கள். உயரத்தில் வளையம் தடுமாறாது, கீழே இறங்கினால் விசை கூடி மேலே தூக்கிவிடும், மேலே போனால் எடை கீழே கொண்டுவந்துவிடும். ஆனால் பக்கவாட்டில் மெல்ல மெல்ல நழுவி ஓடிவிடும். பிள்ளைகள் வளையத்தின் பின்னாலேயே குழாயைக் கொண்டு ஓட வேண்டியிருக்கும். புவியீர்ப்பைச் சேர்த்தாலும் எர்ன்ஷா விடமாட்டார் என்பது அங்கே தெரிந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். ஈரக் காற்றில் குழாயின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து சார்ஜ் அதன் வழியாக ஒழுகிவிடும். குழாய், கவர், துணி மூன்றையும் வெயிலில் காயவைத்தோ ஹேர் டிரையர் காட்டியோ எடுத்தால்தான் வேலை நடக்கும். ஜூன், ஜூலையில் முட்டத்தில் இதைச் செய்வது கஷ்டம், தோவாளைப் பக்கம் காற்று காய்ந்திருக்கும்.

கொல்லங்கோடு

சாரே, ஒரு சந்தேகம். இங்கே எல்லோரும் இரண்டு சார்ஜைப் பொருத்தி வைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் பார்க்கிறீர்கள். மூன்றையும் அவிழ்த்துவிட்டால்? +4, +1 இரண்டும் 30 செ.மீ. தூரத்தில், எதையும் பிடிக்கவில்லை, நடுவில் ஒன்றை வைத்து மூன்றும் அப்படியே நிற்க வேண்டும் என்று ஒரு பழைய வினாத்தாளில் பார்த்தேன்.

தக்கலை வாத்தியார்

இடம் மாறாது, அதே 20 செ.மீ. தான், ஏனென்றால் மூன்றாவதின் மேல் விசை பூஜ்ஜியம் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது மூன்றாவதின் குறியும் அளவும் அடிபடாது. +4-உம் +1-உம் ஒன்றையொன்று தள்ளுகின்றன, அவை ஓடாமல் இருக்க நடுவில் இருப்பது இரண்டையும் உள்ளே இழுக்க வேண்டும், ஆகவே நெகட்டிவ். அளவுக்கு +1-ஐ எடு. +4 அதைத் தள்ளுவது 4/900. நடுவிலுள்ளது 10 செ.மீ. தூரத்திலிருந்து இழுப்பது அதன் அளவு/100. சமப்படுத்தினால் அளவு 4/9. விடை −4/9. அதை +4-இன் மேலும் சரிபார்க்க வேண்டும்: தள்ளுவது 4/900, இழுப்பது 4 × (4/9)/400, அதுவும் 4/900. பொருந்துகிறது.

இரண்டு சார்ஜில் சரியாக வந்தால் மூன்றாவதில் தானாக வரும். மூன்றின் மேலுள்ள விசைகளைக் கூட்டினால் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எப்போதும் பூஜ்ஜியம்.

குழித்துறை பிளஸ்டூ

+4, −1 இரண்டையும் அவிழ்த்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன் சார். மூன்றாவது 60-இல் வர வேண்டும், −1-ஐ +4 இடப்பக்கம் இழுக்கிறது, அதற்கு எதிராக வலப்பக்கம் இழுக்க மூன்றாவது பாசிட்டிவாக இருக்க வேண்டும், இரண்டும் 30 செ.மீ. தூரம் என்பதால் அளவு +4. அதாவது +4, −1, +4 என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துவிட்டது! அப்போ எந்த மூன்றை எடுத்தாலும் நடுவிலுள்ளதின் குறி ஓரத்திலுள்ளவற்றுக்கு எதிராகத்தான் இருக்குமா?

பேச்சிப்பாறை

ஆமாம் தங்கச்சி, எப்போதும் அப்படித்தான். ஓரத்தில் இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள், மற்ற இரண்டும் அதற்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் விசைகள் ஒன்றையொன்று அடிக்க வேண்டும் என்றால் அந்த இரண்டின் குறிகள் வேறாக இருந்தே ஆக வேண்டும். இடது ஓரத்துக்கும் இதே நியாயம், வலது ஓரத்துக்கும் இதே நியாயம்.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. +4, −4/9, +1 கணக்கில் மொத்த நிலை ஆற்றலைக் கூட்டிப் பார். ஓரங்கள் இரண்டுக்கும் 4/30, அதாவது 12/90. நடுவிலுள்ளதற்கும் +4-க்கும் −(16/9)/20 = −8/90. நடுவிலுள்ளதற்கும் +1-க்கும் −(4/9)/10 = −4/90. கூட்டினால் சுத்தமாகப் பூஜ்ஜியம்! உன் +4, −1, +4-க்கும் 16/60 − 4/30 − 4/30, பூஜ்ஜியம்தான்.

இது தற்செயல் இல்லை. எல்லாத் தூரங்களையும் இரண்டு மடங்காக்கினால் ஒவ்வொரு ஆற்றலும் பாதியாகும், ஆகவே மொத்தமும் பாதியாகும். ஆனால் சமநிலையில் சார்ஜுகளைக் கொஞ்சம் நகர்த்தினால் மொத்த ஆற்றல் நகர்த்திய தூரத்துக்கு நேர்விகிதமாக மாறக்கூடாது. தூரங்களை ஒரே விகிதத்தில் கொஞ்சம் நீட்டுவதும் ஒரு நகர்த்தல்தானே? மாறாமல் இருக்க வேண்டும், அதேசமயம் விகிதத்தோடு குறையவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க ஆற்றல் பூஜ்ஜியமாக இருந்தால்தான் உண்டு. மூன்று சார்ஜ் ஆனாலும் முப்பது ஆனாலும், எதையும் பிடிக்காமல் தாமே நிற்கிற சார்ஜுகளின் மொத்த நிலை ஆற்றல் பூஜ்ஜியம். விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தோவாளை

முதல் பதிவில் கேட்ட "மூன்று சார்ஜ் பொருத்தி வைத்தால் என்ன செய்வது" என்பதற்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

0-இல் +1, 10-இல் +1, 30-இல் +4. எல்லாம் பாசிட்டிவ் என்பதால் வெளியே இரண்டு பக்கமும் அம்புகள் ஒரே திசை, அவற்றை அடித்துவிடலாம். மீதி இரண்டு இடைவெளி. எந்த இடைவெளியிலும் இடப்பக்க சார்ஜின் பக்கத்தில் புலம் வலப்பக்கம் எல்லையில்லாமல் பெரிதாக இருக்கும், வலப்பக்க சார்ஜின் பக்கத்தில் இடப்பக்கம் எல்லையில்லாமல் இருக்கும். நடுவில் போகப் போக ஏறி இறங்காமல் குறைந்துகொண்டே வரும், ஏனென்றால் வலப்பக்கம் நகர்ந்தால் பின்னால் விட்டு வந்த ஒவ்வொரு சார்ஜின் தள்ளலும் குறைகிறது, முன்னால் உள்ளவற்றின் எதிர்ப்பு கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு இடைவெளியிலும் சரியாக ஒரே ஒரு புள்ளி. சார்ஜ் பத்து என்றால் புள்ளி ஒன்பது. குறிகள் கலந்திருந்தால் இந்த உத்தரவாதம் கிடையாது, துண்டு துண்டாக அம்புக்குறி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்க வர்க்கமூல வித்தை உதவாது, விரித்தால் நாலாம் படிச் சமன்பாடு வரும். விரிக்காதீர்கள். இடைவெளியின் நடுவில் புலத்தின் குறியைப் பாருங்கள், வலப்பக்கம் என்றால் புள்ளி இன்னும் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம், பாதி பாதியாக நெருங்குங்கள். முதல் இடைவெளியில் 5-இல் இரண்டு +1-உம் அடிபட்டுவிடும், +4 மட்டும் இடப்பக்கம் தள்ளும், ஆகவே புள்ளி 5-க்கு இடப்பக்கம். கடைசியில் 4.80 என்று நிற்கும். இரண்டாவது இடைவெளியில் 17.02. எக்செல் இருந்தால் மூன்று பத்தி போதும், கால்குலேட்டரிலும் செய்யலாம்.

குளச்சல் 629251

தாமதமாகச் சேர்கிறேன். எர்ன்ஷா சொன்னதை வைத்து "சார்ஜுகளைக் கோட்டில் நிறுத்தவே முடியாது" என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஆய்வகங்களில் அயனிகளை, அதாவது சார்ஜ் உள்ள அணுக்களை, தனித்தனியாக ஒரே வரிசையில் காற்றில்லாத குடுவைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அயனிகளை வைத்துச் செய்கிற குவாண்டம் கணினிகளின் அடிப்படையே அந்த வரிசைதான். எர்ன்ஷா தேற்றம் அசையாத புலத்துக்கு மட்டும். புலத்தை ரேடியோ அதிர்வெண்ணில் மாற்றி மாற்றி விட்டால், ஒரு கணம் ஓடப்பார்க்கிற திசையில் அடுத்த கணம் திருப்பித் தள்ளும், சராசரியில் பள்ளம் மாதிரி ஆகிவிடும். அப்படி அயனிகளைப் பிடித்து வைக்கும் பொறி செய்ததற்காக வொல்ஃப்காங் பவுலுக்கு 1989-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த வரிசையில் அயனிகள் எங்கெங்கே நிற்கும் என்பதும் இதே பாடத்துக் கணக்குதான். பொறி ஒவ்வொரு அயனியையும் நடுவை நோக்கி, நடுவிலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ப இழுக்கிறது. அயனிகள் ஒன்றையொன்று கூலூம் விதிப்படி தள்ளுகின்றன. அலகுகளைத் தோதாக எடுத்துக்கொண்டால் இழுப்பு = தூரம், தள்ளல் = 1/தூர வர்க்கம். இரண்டு அயனி என்றால் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து த தூரத்தில், இடையில் 2த: த = 1/(4த²), த³ = 1/4, த = 0.63. மூன்று அயனிக்குத் தங்கச்சியே செய்து பார்க்கலாம்.

குழித்துறை பிளஸ்டூ

அண்ணா, ஒன்று நடுவில், மற்றவை இரண்டு பக்கமும் த தூரத்தில். ஓரத்திலுள்ளதை நடுவிலுள்ளது தள்ளுவது 1/த², அந்த ஓரத்திலுள்ளது தள்ளுவது 1/(4த²). த = 5/(4த²), த³ = 5/4, த = 1.077. நான்குக்கு முயன்றேன், உள்ளே ஒரு தூரம் வெளியே ஒரு தூரம் என்று இரண்டு மறைபொருள் வந்து நின்றுவிட்டது.

பேச்சிப்பாறை

மூன்று சரி. தள்ளல் 1/தூரம் என்ற விதியில் இருந்தால் எந்த எண்ணிக்கைக்கும் விடை ஹெர்மைட் பல்லுறுப்புக் கோவை என்ற ஒரு தெரிந்த கோவையின் மூலங்களாக (அதைப் பூஜ்ஜியமாக்கும் எண்களாக) வந்துவிடும், கணித அறிஞர் ஸ்டீல்ட்ஜஸ் 1885 வாக்கில் இந்த வகைக் கணக்குகளைப் போட்டார். அந்த விதியில் மூன்று சார்ஜுக்கு த² = 3/2. நம் கூலூம் விதிக்கு அப்படி ஒரு அழகான சூத்திரம் கிடையாது, எண்ணால்தான் நெருங்க வேண்டும்.

தோவாளை

நான்குக்கு இரண்டு மறைபொருள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். உள்ளேயுள்ளதை ஒரு மதிப்பில் வைத்துக்கொண்டு வெளியேயுள்ளதைப் பாதி பாதியாக நெருங்கு, அது கிடைத்ததும் அதை வைத்துக்கொண்டு உள்ளேயுள்ளதைத் திருத்து, மாற்றம் நிற்கும்வரை மாறி மாறிச் செய். எக்செல்லில் போட்டேன்: ±0.454, ±1.437. வெளியேயுள்ளதற்குச் சரிபார்ப்பு: இடைவெளிகள் 0.983, 1.891, 2.874. 1/தூர வர்க்கங்களைக் கூட்டினால் 1.035 + 0.280 + 0.121 = 1.436, கடைசி இலக்கத்துக்குள் பொருந்துகிறது. உள்ளேயுள்ளதற்கு நீ போட்டுப் பார். நடு இடைவெளி 0.909, ஓர இடைவெளி 0.983 என்பதையும் கவனி. எண்ணிக்கை கூடக் கூட நடுவில் இன்னும் நெருங்கும், ஒரு கட்டத்துக்கு மேல் பக்கவாட்டுப் பிடிப்பு போதாமல் வரிசை வளைந்து கோணல்மாணலாக மடியும்.